கார்டு சாகல மக்கா!

புது கிராபிக்ஸ் கார்டு மாட்டியும் சிஸ்டம் ஆமை மாதிரி ஊருதா? சி.பி.யு.வோட முதுகுப் பக்கம் ஒருதரம் எட்டிப் பாருங்க. மேல, யூ.எஸ்.பி. ஓட்டைகள் பக்கத்துல இருக்கிறது மதர்போர்டோட ஹெச்.டி.எம்.ஐ. அதுக்குக் கீழே, தனி வரிசையா இருக்கிறதுதான் கார்டோடது. உங்க மானிட்டர் கேபிள் எதுல சொருகியிருக்கு?

நாகர்கோவில் வடசேரியில நம்ம பய ஒருத்தன், இன்ஜினியரிங் கடைசி வருஷம். பிளெண்டர்ல மாடலைத் திருப்பினாலே திக்குச்சு. "கார்டு போச்சு தம்பி, வேற வாங்கு"ன்னுட்டாங்க கடையில. அவங்க அப்பா சீட்டு எடுத்து வாங்கித் தந்த கார்டு அது! ப்ராஜெக்டுக்கு இன்னும் நாலே நாள்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தோம். ஸ்லாட் வழியா 75 வாட்தான் வரும். மிச்சத்துக்கு பவர் சப்ளையிலருந்து தனி ஒயர் வேணும். அது சரியா இருந்துச்சு. கேபிள்தான் மதர்போர்டுல! மாத்தினதும் மாடல் பம்பரமா சுத்துச்சு. ஆனா ரெண்டர் அப்பவும் ப்ராசசர்லயே ஓடுச்சு. பிளெண்டரோட பிரிஃபரன்சஸ்ல, சிஸ்டம் பகுதியில கார்டை டிக் பண்ணி, சீன்லயும் 'ஜி.பி.யு. கம்ப்யூட்'டுன்னு மாத்தணும்.

ஆங்... ஃபேன் சுத்தலைன்னு பதறாதீங்க. பல கார்டுல சூடு ஏறினாத்தான் சுத்தும்.