கற்சரிவில் கனிந்த திராட்சை

நம் ஆண்டவர் தம்மைத் திராட்சைக் கொடியாகவும், தம் சீடர்களை அதன் கிளைகளாகவும் உருவகித்துப் பேசியதை அறியாத கத்தோலிக்கர் இலர். நாள்தோறும் திருப்பலிப் பீடத்தில் திராட்சை இரசம் ஒப்புக்கொடுக்கப்படுவதையும் காண்கிறோம். ஆயினும் அக்கொடி எத்தகைய நிலத்தில் வேரூன்றுகிறது, அதைப் பேணுவோர் எத்துணை வியர்வை சிந்துகின்றனர் என்பதை நேரில் கண்டவர் நம்மிடையே சிலரே. சென்ற ஐப்பசியில், உரோமைத் திருப்பயணத்தை முடித்துக்கொண்டு செர்மனி நாட்டின் மோசெல் ஆற்றங்கரையில் நான்கு நாள் தங்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. அங்குக் கண்டதையும், கேட்டதையும், ஓரளவு சுவைத்ததையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

தொடங்குமுன் ஒரு சொல். மதுவால் பாழ்பட்ட குடும்பங்கள் நம் பங்குகள் ஒவ்வொன்றிலும் உண்டு. எங்களோடு வந்த நண்பர் ஒருவரின் தந்தையும் குடியால் இளமையிலேயே மாண்டவர். ஆகவே இக்கட்டுரை குடிக்குப் புகழ்மாலை அன்று. அந்த நண்பர் எங்களோடு இருந்ததே எங்களுக்கு ஒரு கடிவாளமாகவும், பின்னர் ஒரு பாடமாகவும் அமைந்தது.

மோசெல் ஆறு பிரான்சு நாட்டு வோஜ் மலைகளில் தோன்றி, சுமார் 545 கிலோமீட்டர் ஓடி, கோப்லென்ஸ் நகரில் ரைன் ஆற்றோடு கலக்கிறது. அதன் கரையிலுள்ள திரியர் பழம்பெரும் உரோமை நகரம். நம் ஆண்டவர் அணிந்திருந்ததாக மரபு கூறும் தையலில்லாத அங்கி அந்நகரப் பேராலயத்தில் காக்கப்படுகிறது. யூதாசுக்குப் பதிலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அப்போஸ்தலர் மத்தியாவின் கல்லறையும் அங்கேயே உள்ளது. இரண்டையும் வணங்கிவிட்டு, அம்மறைமாவட்டத்தில் பணியாற்றும் நம் நாட்டுக் குரு ஒருவரின் துணையுடன் ஆற்றோரமாகவே காரில் பயணமானோம்.

திரியரைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றதும் ஆறு பாம்பெனச் சுருண்டு சுருண்டு செல்கிறது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு கரை தாழ்ந்த சமநிலம். எதிர்க்கரையோ சுவர்போல் நிமிர்ந்த மலை. அச்சுவரின் மீதுதான் திராட்சைத் தோட்டங்கள்! கம்பம் பள்ளத்தாக்கிலே பந்தல்மீது படர்ந்து, குலைகள் தலைக்குமேல் தொங்கக் கண்டு பழகிய எங்கள் கண்களுக்கு அக்காட்சி நம்பத்தக்கதாக இல்லை. இங்கே பந்தல் கிடையாது. ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனியே ஒரு மரக்கழி. கொடியின் இரு கிளைகளை இருபுறமும் வளைத்துக் கழியோடு கட்டுகிறார்கள். தொலைவிலிருந்து நோக்கினால் ஒவ்வொன்றும் ஓர் இதயத்தின் வடிவமாகத் தோன்றுகிறது. "இது திரு இருதய பக்தர்கள் கண்டுபிடித்த முறையோ, சுவாமி?" என்று நாங்கள் கேட்க, குருவானவர் நகைத்து, "இல்லை. கிளையை வளைத்தால் எல்லாத் தளிரும் ஒரே சீராக வளரும். உழவர் கண்டது அது" என்றார்.

எங்களை வரவேற்ற தோட்டக்காரர் எழுபது வயதைக் கடந்த பெரியவர். மறுநாட் காலையில் தம் தோட்டத்திற்கு எங்களை ஏற்றிச் சென்றார். ஏற்றி என்றது வெறும் வழக்குச் சொல் அன்று. சரிவின்மீது ஒற்றைத் தண்டவாளம் ஒன்று செங்குத்தாக ஓடுகிறது. அதிலே ஊர்ந்து செல்லும் சிறு பொறிவண்டியில்தான் கூடைகளும் கருவிகளும் மேலே போகின்றன. எஞ்சிய வழியை நாங்கள் கையூன்றி ஏறினோம். காலடியில் மண்ணே தென்படவில்லை. எங்கும் நீலங்கலந்த சாம்பல் நிறத் தகட்டுக் கற்கள். ஒன்றை எடுத்துப் பார்த்த எங்கள் நண்பர், "இது நம் சிலேட்டுப் பலகை அல்லவா!" என்றார். ஆம், பிள்ளைப் பருவத்தில் நாம் அகரம் எழுதிப் பழகிய அதே கல். சுமார் 40 கோடி ஆண்டுகட்கு முன்னர்க் கடலடியில் படிந்த சேறு, புவியின் அழுத்தத்தால் இறுகிச் சிலேட்டாயிற்று என்பர் நிலவியலார்.

இத்தகைய கல்லில் பயிரிடுவானேன்? பெரியவர் விளக்கினார். மோசெல் பகுதி வட அகலாங்கு 50 பாகையை ஒட்டியுள்ளது. திராட்சை கனிவதற்குக் குளிர் மிகுந்த இடம். கருநிறக் கற்கள் பகல் வெயிலை உறிஞ்சி வைத்து இரவில் மெல்ல வெளிவிடுகின்றன. சரிவு தெற்கு நோக்கியிருப்பதால் தாழ்ந்த கதிரவனின் ஒளியும் நேரே விழுகிறது. மழைநீர் தேங்காது கற்களினூடே இறங்கிவிடும். எனவே வேர்கள் பாறைப் பிளவுகள் வழியே பல மீட்டர் ஆழம் நீர் தேடிச் செல்கின்றன. உரமற்ற கல்லில் கொடி கொழுப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்த பில்லோக்செரா என்னும் வேர்ப்பூச்சியும் இக்கல்லில் எளிதாகப் பரவவில்லை. அதனாலேயே ஒட்டுப் போடாத, சொந்த வேரில் நிற்கும் முதிய கொடிகள் இங்கு இன்னும் உள்ளன.

ஆனால் கல்லும் சும்மா இருப்பதில்லை. பெருமழை பெய்தால் சரிந்து கீழே இறங்கிவிடும். முன்னாளில் குளிர்காலம் முழுதும் அக்கற்களைக் கூடையிலிட்டு முதுகில் சுமந்து மீண்டும் மேலே கொண்டு சேர்ப்பார்களாம். "என் தந்தை சுமந்தார், நானும் சுமந்தேன். என் மகன் நகரத்தில் கணிப்பொறி முன் அமர்ந்திருக்கிறான்" என்று பெரியவர் சொன்னபோது அதில் குறையும் இல்லை, பெருமையும் இல்லை. பக்கத்துச் சரிவைச் சுட்டிக் காட்டினார். கழிகள் சாய்ந்து, முட்புதர் மூடிக் கிடந்தது. 1990-களின் தொடக்கத்தில் 12,000 ஹெக்டேருக்கு மேலிருந்த மோசெல் திராட்சை நிலம் இன்று 9,000 ஹெக்டேருக்கும் குறைந்துவிட்டது. கைவிடப்படுவன பெரும்பாலும் இத்தகைய செங்குத்துச் சரிவுகளே.

மாலையில் பெரியவரின் நிலவறையில் அமர்ந்தோம். மூன்று குவளைகள் வைக்கப்பட்டன. மூன்றும் ரீஸ்லிங் என்னும் ஒரே இனத் திராட்சை, ஒரே ஆண்டு, பிழிந்து பதப்படுத்தியவரும் ஒருவரே. நிலம் மட்டுமே வேறு. முதலாவது ஆற்றோரச் சமநிலத்து வண்டல் மண்ணில் விளைந்தது. நல்ல பழச்சுவை, இனிமை, விழுங்கியவுடன் மறைந்துவிட்டது. இரண்டாவது நாங்கள் ஏறிய நீலச் சிலேட்டுச் சரிவினது. எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் கலந்தாற்போன்ற கூர்மை. அதற்கடியில், கோடை மழையின் முதல் துளிகள் சூடான பாறையில் விழும்போது எழுமே, அதனை ஒத்த ஒரு மணம். நாவின் ஓரங்களில் உப்போ என ஐயுறச் செய்யும் ஒரு சுவை நெடுநேரம் நின்றது. மூன்றாவது, ஊர்சிக் என்ற சிற்றூரை அடுத்த செந்நிறச் சிலேட்டு நிலத்தது. கூர்மை சற்றுத் தணிந்து, நறுமணச் சரக்கை நினைவூட்டும் காரம் தோன்றிற்று. மூன்றும் உடன்பிறந்தோர்போல் ஒத்திருந்தன; உடன்பிறந்தோர்போலவே வேறுபட்டும் இருந்தன.

எங்கள் நண்பர் குவளையைத் தொடவில்லை. குருவானவர் காரணத்தைச் சுருக்கமாக எடுத்துரைக்கவே, பெரியவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய், அன்று காலை பிழிந்த, இன்னும் புளிக்காத சாற்றை ஒரு குவளையில் கொணர்ந்து நண்பர் முன் வைத்தார். "இதுவும் அதே சரிவினதுதான்" என்றார். நண்பர் பருகினார். அம்மேசையில் அவர் விருந்தினரில் குறைந்தவராக ஒரு கணமும் எண்ணப்படவில்லை.

"அப்படியானால் அந்தக் கல்லே இந்த இரசத்தில் கரைந்திருக்கிறதா?" என்று கேட்டோம். பெரியவர் புன்னகைத்து ஒரு சிலேட்டுத் துண்டை நீட்டி, "நாவால் தொட்டுப் பாருங்கள்" என்றார். தொட்டோம். குளிர்ச்சி இருந்தது, சுவை என்று ஒன்றும் இல்லை!

இங்கேதான் செய்தி ஆழமாகிறது. இரசத்தில் தோன்றும் இக்கற்சுவை பாறையிலிருந்து நேராக வேர்வழி ஏறி வருவது என்று பலரும் நம்புகின்றனர். வேல்ஸ் நாட்டு நிலவியல் பேராசிரியர் அலெக்ஸ் மால்ட்மன் இதனை ஆராய்ந்து, அது அவ்வாறன்று என்று பல ஆண்டுகளாக எழுதி வந்துள்ளார். பாறைக்கு மணமில்லை, பெரும்பாலும் சுவையுமில்லை. வேர் உறிஞ்சுவது நீரில் கரைந்த சிற்றளவு உப்புகளை மட்டுமே. இரசத்தில் எஞ்சும் அவற்றின் அளவோ நாவு உணர்வதற்கும் போதாதது. தீக்கல்லின் மணம் எனப்படுவது, இரசம் உருவாகும்போது தோன்றும் கந்தகச் சேர்மங்களால் வருவது. நாம் போற்றும் மண்வாசனையும் அப்படித்தான். உலர்ந்த கல்லிலும் மண்ணிலும் படிந்த தாவர எண்ணெய்களும், மண்ணுயிரிகள் உண்டாக்கும் பொருள்களும் மழைத்துளி பட்டு எழுவதே அது என்பதை 1964-இல் ஆஸ்திரேலிய அறிஞர் இருவர் விளக்கிப் பெயரிட்டனர்.

எனில், மூன்று குவளைகளும் வேறுபட்டது பொய்யோ? அன்று. கல் தன்னை ஈந்து சுவையைத் தரவில்லை. வெம்மையைக் காத்தும், நீரை வடித்தும், வேரை ஆழத்திற்கு அனுப்பியும், கொழுக்கவிடாது கொடியை அடக்கியும் அதனை வளர்த்தது. புளிப்பும் மணமும் அவ்வளர்ப்பின் விளைவு. கண்டிப்பும் கனிவும் உள்ள தாய் பிள்ளையினுள் கரைந்துவிடுவதில்லை. ஆயினும் பிள்ளையின் நடையிலும் சொல்லிலும் தாயைக் காண்கிறோம் அல்லவா?

இந்த உண்மையை ஏறத்தாழ எட்டிப் பிடித்தவர் அதே ஆற்றங்கரையில் பிறந்த ஒரு கத்தோலிக்கக் கர்தினால் என்பதை மறுநாள் அறிந்து வியந்தோம். பெர்ன்காஸ்டல் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள கூஸ் என்னும் ஊரில் 1401-இல் படகுத் தொழில் செய்தவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் நிக்கோலாஸ். 1448-இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். 1450-இல் அவர் எழுதிய உரையாடல் நூலொன்றில், மரக்கரண்டி செதுக்கிப் பிழைக்கும் பாமரன் ஒருவன் கற்றோருக்குப் பாடம் சொல்கிறான். நூறு இராத்தல் மண்ணைத் தொட்டியிலிட்டு, அதிலே விதைத்து, விளைந்த செடிகள் நூறு இராத்தல் சேரும்வரை எடுத்து, பின்னர் மண்ணை நிறுத்துப் பார்த்தால் அது சிறிதளவே குறைந்திருக்கும். ஆகவே செடியின் எடை பெரும்பாலும் நீரிலிருந்தே வந்தது என்பது அவன் கூற்று. இதை ஒத்த சோதனையைப் பின்னாளில் ஃபான் ஹெல்மொன்ட் என்பார் வில்லோ மரக்கன்றை நட்டு ஐந்தாண்டு செய்து பார்த்தார். மரம் 164 இராத்தல் கூடிற்று, 200 இராத்தல் மண்ணோ ஏறக்குறைய இரண்டு அவுன்சே குறைந்தது. முடிவு 1648-இல் அச்சேறியது. செடி காற்றிலிருந்தும் ஒளியின் துணையால் உணவு ஆக்குகிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. தாம் அறியாததை அறிந்திருப்பதே மெய்யறிவின் வாயில் என்று 1440-இலேயே ஒரு நூல் செய்த கர்தினால் அதற்கு மனம் வருந்தியிருக்கமாட்டார்!

அவர் தம் பிறந்த ஊருக்கு விட்டுச் சென்ற செல்வம் இன்னொன்று. 1458-இல் தம் உடன்பிறந்தாரோடு சேர்ந்து, ஆதரவற்ற முதியோருக்கென ஒரு விடுதியை அங்கு நிறுவினார். ஆண்டவர் இம்மண்ணில் வாழ்ந்த ஆண்டுகளை நினைந்து 33 ஆடவர். குருக்கள் அறுவர், உயர்குடியினர் அறுவர், எளிய மக்கள் 21 பேர். ஒரே கூரை, ஒரே உணவு. அவ்விடுதிக்கெனத் தரப்பட்ட திராட்சைத் தோட்டங்களின் வருவாய் நூற்றாண்டுக் கணக்கில் அம்முதியோருக்குச் சோறிட்டது. நெப்போலியன் காலத்தில் மோசெல் கரையின் துறவு மடங்களும் அவற்றின் தோட்டங்களும் பறிக்கப்பட்டு ஏலம் போயின. இவ்விடுதி மட்டும் தப்பியது. இன்றும் அது முதியோர் இல்லமாகவே விளங்குகிறது. கர்தினால் 1464-இல் இத்தாலியில் மரித்தார். உடல் உரோமையில் அடக்கம் செய்யப்பட்டது. இதயம் மட்டும் அவ்விடுதியின் சிற்றாலயத்தில், பீடத்தின் முன் ஒரு பித்தளைத் தகட்டின் கீழ் உறங்குகிறது. ஆலயத்தின் விதானம் முழுதையும் நடுவே நிற்கும் ஒற்றைத் தூண் தாங்குகிறது.

அந்தத் தகட்டருகே எங்கள் நண்பர் நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தார். வெளியே வந்தபின் அவரே சொன்னார்: "என் அப்பாவை அழித்ததும் குடிதான். இங்கே அதே கொடியின் பயன் ஐந்நூறு ஆண்டாக எத்தனையோ அப்பாக்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. கொடியின் மேல் எனக்கு இருந்த கோபத்தை இங்கே இறக்கி வைத்துவிட்டேன். ஆனால் குவளையை இனியும் தொடமாட்டேன்." நாங்கள் மறுமொழி கூறவில்லை. தம் துறவியருக்கு நாளொன்றுக்குச் சிறு அளவு திராட்சை இரசத்தைத் தயக்கத்தோடு அனுமதித்த புனித பெனடிக்ட்டும், அதை விலக்கி வாழக்கூடியவர் தனிக் கைம்மாறு பெறுவர் என்றே அறிவுறுத்தினார்.

விடைபெறும் நாளன்று மழை தூறிற்று. பெரியவர் குனிந்து, பாதைக்கு உருண்டு வந்திருந்த சிலேட்டுத் துண்டுகளைப் பொறுக்கி மேலே கொடியின் அடியில் எறிந்துகொண்டிருந்தார். எழுபது கடந்த முதுகு, முடிவில்லாத வேலை. நண்பர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தாமும் குனிந்து கற்களை எடுக்கலானார். நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியினின்று இயல்பாக உண்டாகியதாக, கெடாததாக இருக்கவேண்டும் என்று திருச்சபைச் சட்டம் விதிக்கிறது. காணிக்கை வேளையில் குருவானவர் நிலத்தின் பயனையும் மனிதரின் உழைப்பையும் சேர்த்தே இறைவனுக்கு நன்றி கூறுகிறார். முன்பெல்லாம் அச்சொற்கள் எங்கள் காதில் விழுந்து கடந்து போகும். இப்போது அவ்வேளையில் ஒரு கற்சரிவும், அதில் குனிந்து நிற்கும் ஒரு முதியவரும் எங்கள் நினைவில் எழுகின்றனர். அவருடைய சரிவைத் தொடர்ந்து பேண ஒருவர் கிடைக்கவேண்டும் என்று மன்றாடுகிறோம். வாசக அன்பர்களும் எங்களோடு சேர்ந்து மன்றாடுவார்களாக.