330 தொன் படிகமும் எங்கட மைக்ரோவேவும்

போன செப்டெம்பரில் எங்கட மைக்ரோவேவ் நெருப்புப் பொறி விட்டது. கறிக் கோப்பையை வைத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, உள்ளே பட் பட் என்று சத்தம். மனைவி எறிந்துவிட்டுப் புதுசு வாங்கச் சொன்னா. நானும் போனில் விலை பார்க்கத் தொடங்கிவிட்டேன். அப்பாதான் பிளக்கைக் கழற்றிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "ஒண்டுமில்லை, மைக்கா எரிஞ்சுபோச்சு" என்றார்.

உங்கள் வீட்டு மைக்ரோவேவிலும் இருக்கும், பாருங்கள். உள்சுவரில் மட்டை மாதிரி ஒரு சின்னத் தகடு. நானும் அது மட்டை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அலைகள் அதற்கூடாகப் போகும், எண்ணெயும் நீராவியும் பின்னால் போகாது. அதில் எண்ணெய் படிந்து கருகினால் பொறி பறக்கும். அப்பா பேஸ்மென்றுக்குப் போய் ஒரு பழைய பிஸ்கற் ரின்னோடு வந்தார். அதற்குள் மைக்காத் தகடுகள். கத்தரிக்கோலால் அளவாக வெட்டிப் பூட்டினார். பத்து நிமிட வேலை.

எட்டு வயது மகன் பக்கத்தில் நின்று மிச்சத் துண்டைத் தூக்கிப் பார்த்தான். "அப்பப்பா, இது கிளாஸா, பிளாஸ்ரிக்கா?"

"கல்லு, ராசா. நிலத்துக்குள்ளயிருந்து வாற கல்லு."

இவ்வளவு தகடும் ஏன் எங்கள் வீட்டில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நான் கேட்டேன். டோர்செட் பார்க்கில், மிட்லண்ட் வீதிப் பக்கம் இருக்கிற சின்னச் சின்னத் தொழிற்கூடங்களில் ஒன்றில் அப்பா 19 வருடம் வேலை செய்தவர். "ஃபாக்டரி" என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடப் படிவங்களில் தகப்பனின் தொழில் என்ற இடத்தில் அதையே எழுதுவேன், அதுவும் சின்ன எழுத்தில். அவர் செய்தது மோட்டர் வைண்டிங். டி.சி. மோட்டரின் கொமியூட்டேற்றரில் செப்புத் துண்டு ஒவ்வொன்றுக்கும் இடையில் மைக்கா இருக்கும், மின்சாரம் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயாமல் தடுக்க. செப்பு தேயத் தேய மைக்கா மேலே துருத்தும், அதை மெல்லிய வாளால் அரிந்து பதிக்க வேணும். இதை எனக்கல்ல, மகனுக்குத்தான் விளங்கப்படுத்தினார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். மாஸ்டர்ஸ் முடித்தவன், எனக்கு இது ஒன்றும் தெரியாது.

அந்தக் கிழமை மகனுக்குக் கற்கள் மேல் பைத்தியம் பிடித்தது. மெக்சிக்கோவின் நைக்கா குகைப் படங்களை எனக்குக் காட்டினான். 2000ஆம் ஆண்டில் சுரங்கத் தொழிலாளிகள் கண்டுபிடித்த குகை, சுமார் 300 மீற்றர் ஆழம், 58 பாகை சூடு. உள்ளே 11 மீற்றருக்கும் மேல் நீளமான ஜிப்சம் படிகங்கள், மரங்கள் சரிந்து கிடப்பதுபோல. ஒரு மீற்றர் தடிப்பு வளரக் கிட்டத்தட்ட பத்து லட்சம் வருடம் எடுத்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சுரங்கத்தில் தண்ணீர் இறைப்பதை நிறுத்தியதும் குகை திரும்பவும் மூழ்கிவிட்டது. "அப்ப மைக்காவில பெரிசு எது?" என்று கேட்டான்.

தேடினேன். 1981இல் ரிக்வுட் என்ற ஆய்வாளர் 'அமெரிக்கன் மினரலொஜிஸ்ட்' இதழில் உலகின் பெரிய படிகங்களைத் தொகுத்திருக்கிறார். மைக்கா என்றால் அங்கே லேசி சுரங்கத்தின் பெயர் வருகிறது: 10 மீற்றர் நீளம், 4.3 மீற்றர் அகலம், அதே அளவு உயரம், சுமார் 330 தொன். கென்னடி வீதியில் ஓடும் 43ஆம் இலக்க பஸ்ஸைவிடக் கொஞ்சம் கட்டை, ஆனால் எடையில் இருபத்தைந்து பஸ். லேசி எங்கே? ரஷ்யாவிலோ பிரேசிலிலோ அல்ல. எங்கட ஒன்ராறியோவில், கிங்ஸ்டனுக்கு வடக்கே சிடன்ஹாம் ஊருக்குக் கிட்ட.

401இன் வெளியேறும் இலக்கங்கள் கிலோமீற்றர்க் கணக்கில் உள்ளவை. கென்னடி வீதி 379, சிடன்ஹாம் வீதி 613. கழித்துப் பார்த்தால் 234. ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு மூன்று தலைமுறையும் வெளிக்கிட்டோம்.

சுரங்கம் இருந்த இடத்துக்குப் போகவில்லை. அதே வட்டாரத்தில் இருக்கும் ஃப்ரொன்ரெனக் மாகாணப் பூங்காவுக்குப் போனோம். அங்கேயும் பழைய மைக்காச் சுரங்கக் குழிகள் உண்டு. (போகிறவர்கள் பகல் அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள், இலையுதிர் காலத்தில் கெதியாக முடிந்துவிடும்.) அந்தப் பாறைகளுக்கு நூறு கோடி வருடத்துக்கு மேல் வயது. ஆழத்தில் சுண்ணாம்புக் கல் சூட்டில் பளிங்காகி, மக்னீசியமும் பொட்டாசியமும் கலந்த சூடான திரவம் வெடிப்புகளுக்குள் ஊறி, அவசரமில்லாமல் வளர்ந்த மைக்கா. தேன் நிறம். வியாபாரத்தில் அம்பர் மைக்கா என்பார்கள், வெள்ளை மைக்காவைவிடக் கூடுதல் சூடு தாங்கும். அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது.

அவருடைய முழங்காலுக்கு அந்த ஏற்ற இறக்கம் சரிவரவில்லை. குழிகள் வரை போகாமல் பாதியில் ஒரு கல்லில் இருந்துவிட்டோம். எனக்கு ஏமாற்றம்தான், மூன்று மணித்தியாலம் ஓடி வந்தது. மகன்தான் பாதையோரம் குனிந்து, நகமளவு மினுங்கும் துண்டொன்றைப் பொறுக்கி வந்தான். அப்பா அதை வெயிலில் பிடித்து விளிம்பைக் காட்டினார்.

"பார், எத்தினை ஒற்றை. புத்தகம் மாதிரி. நாங்களும் புத்தகம் எண்டுதான் சொல்லுவம். ஊரில இதைக் காக்காப்பொன் எண்டுவினம்."

"காக்கா... பொன்?"

"காகத்தின்ர தங்கம்."

மகன் அந்தச் சொல்லை நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தான். தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று ஒவ்வொரு கிழமையும் சண்டை பிடிக்கிறவன்.

"அந்தப் பெரிய காக்காப்பொன் இப்ப எங்க?"

எந்த மியூசியத்திலும் இல்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் நடத்திய சுரங்கம் அது. மோட்டருக்கும் சூடாக்கிக்கும் தேவைப்பட்டதால் தோண்டினார்கள், காட்சிக்கு வைக்க அல்ல. அப்பா யோசிக்கவேயில்லை. "பிச்சு வித்திருப்பாங்கள், ராசா. ஆர் கண்டது, நான் திருத்தின பழைய மோட்டர் ஒண்டுக்குள்ளயும் அதில ஒரு ஒற்றை இருந்திருக்கும்."

சாத்தியம் மிகக் குறைவு என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். வாயைத் திறக்கவில்லை.

பூங்காவில் ஒரு கல்லையும் எடுக்கக்கூடாது. அதனால் மகன் அதை இருந்த இடத்திலேயே வைக்கப் போனான். எந்த இடம் என்று மறந்துபோனான். இருவரும் குனிந்து கொஞ்ச நேரம் தேடினார்கள், அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு. திரும்பி வரும்போது பெல்வில் தாண்டுமுன்னரே இரண்டு பேரும் பின்சீட்டில் நித்திரை.