மூன்று நிமிடத் தட்டு

ஆஷாட ஏகாதசிக்கு முன் தேஹுவிலிருந்து பண்டரிபுரம் புறப்படும் துக்காராம் பல்லக்கு, பழைய மும்பை-புனே சாலையில் கசார்வாடியைக் கடந்துதான் புனேக்குள் நுழைகிறது. அபங்கம் என்றதும் மராட்டியர்களின் நினைவுக்கு வரும் குரல்களில் முக்கியமானது பீம்சேன் ஜோஷியுடையது. மராட்டியர் கொண்டாடும் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஒரு கன்னடியர். அவரைப் பாடகராக்கியதோ ஓர் இசைத்தட்டு.

வட கர்நாடகத்தின் கதக் ஊரில் ஒரு கடை. கிராமபோனில் கிரானா கரானாவின் அப்துல் கரீம் கான் ஜிஞ்ஜோட்டி ராகத்தில் ஒரு தும்ரி பாடிக்கொண்டிருந்தார். அந்தக் காலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடும். வாசலில் நின்று கேட்ட பள்ளி ஆசிரியர் மகனுக்கு அது போதுமானதாக இருந்தது. பாடினால் இப்படிப் பாட வேண்டும்.

1933இல், 11 வயதில், பீம்சேன் வீட்டைவிட்டு ஓடினார். சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் நெய் கேட்டு, அம்மா தராத கோபம். ஆனால் நெய் வெறும் சாக்கு. விரட்டியது அந்தத் தட்டு. கையில் காசில்லை. ரயிலில் டிக்கெட் இல்லாமல், பாடியே சமாளித்தார். குரு தேடி குவாலியர் வரை போனார், ஜலந்தர் வரை அலைந்தார். அங்கே அவர் சந்தித்த விநாயகராவ் பட்வர்தன் சொன்னது வேடிக்கையானது: ஊருக்குத் திரும்பு, உன் வீட்டுப் பக்கத்திலேயே சவாய் கந்தர்வா இருக்கிறார்.

குந்த்கோலில் வாழ்ந்த சவாய் கந்தர்வா, அப்துல் கரீமின் நேர் சீடர். தட்டில் கேட்ட குரலின் வாரிசு. அவர் வீட்டில் பீம்சேன் தண்ணீர் சுமந்தார், எடுபிடி வேலை செய்தார். ஒரு சில ராகங்களையே திரும்பத் திரும்பப் பாடினார். தட்டு ஆசையைத் தந்தது. மூச்சையும் பொறுமையையும் குருதான் தர வேண்டியிருந்தது.

தட்டிலேயே நின்றுவிடும் ஆபத்தும் உண்டு. பெல்காம் பக்கத்தில் 1924இல் பிறந்த குமார் கந்தர்வா, பெரிய வித்வான்களின் தட்டுகளைக் கேட்டு அச்சாக அப்படியே பாடி, சிறுவனாகவே மேடைகளை வியக்கவைத்தார். பம்பாயில் பி.ஆர். தேவ்தரிடம் சேர்ந்த பிறகே தன் சொந்தப் பாட்டைத் தேடத் தொடங்கினார். பிற்காலத்தில் யாரைப் போலவும் பாடாதவர் என்று பெயர் வாங்கியவர் அவர்தான். பீம்சேனும் அமீர் கான், கேசர்பாய் கேர்க்கர் போன்றோரிடம் பிடித்ததை எடுத்துக்கொண்டார். ஆனால் எவருடைய நகலாகவும் ஆகவில்லை.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. கர்நாடக இசையில் ஆர்வம் கொண்டு, அதன் ஸ்வரப் பிரயோகத்தைத் தன் பாணியில் சேர்த்துக்கொண்டவர் அப்துல் கரீம். 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போகும் வழியில் உடல்நிலை கெட்டு, சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் இறங்கினார். நடைமேடையில் விரித்த படுக்கையில் பாடியபடியே உயிர் நீத்தார் என்கிறார்கள். குரல் தட்டுகளில் தங்கிவிட்டது.

1952இல் சவாய் கந்தர்வா காலமானார். அடுத்த ஆண்டே அவர் நினைவாகப் புனேயில் சங்கீத விழா ஒன்று துவங்கியது. பல ஆண்டுகள் அதைத் தூக்கி நிறுத்தியவர் பீம்சேன். 2008இல் அவருக்கு பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. 2011 ஜனவரியில் மறைந்தார்.

இன்று கசார்வாடி நிலையத்தில் லோக்கல் ரயிலுக்கு நிற்கும் ஒரு சங்கீத மாணவி, அதே ஜிஞ்ஜோட்டியைக் கைப்பேசியில் நொடியில் வரவழைக்கலாம். பிடிக்காவிட்டால் அரை நிமிடத்தில் அடுத்ததற்குத் தாவலாம். கதக் சிறுவனுக்குத் தாவ வேறு தட்டு இல்லை. கேட்டதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. மாணவி முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள் ரயில் வந்துவிடாமல் இருந்தால் நல்லது.