வாரண்டி முடியும் முன்: வண்டியும் அமானிதமும்



நம் மஹல்லாக்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு இன்று அரிது. ஆனால் அதன் வாரண்டி எந்த நாளில் முடிகிறது என்று கேட்டால் உடனே பதில் சொல்பவர் சிலரே. வண்டியோடு வந்த கையேடு பீரோவில் பத்திரமாக உறங்கும். முதல் பெரிய செலவு வரும்போது அதை எடுத்துப் பிரிப்போம், தேதி கடந்திருக்கும்.

எங்கள் வண்டிக்கு மூன்று ஆண்டுகள் அல்லது 30,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி. மீட்டர் 26,800ஐக் காட்டியது; நாள்களிலோ பதினேழே மிச்சமிருந்தன. அந்த வாரமே வண்டியை முழுமையாகப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

இது உலக ஆசையில் சேருமோ என்று சிலர் தயங்கலாம். மதரஸாவில் கொடுக்கல் வாங்கல் பாடத்தை நடத்தும்போது ‘கியாருல் ஐப்’ என்ற சட்டத்தைக் கற்பிக்கிறோம். வாங்கிய பொருளில், அது கைக்கு வருமுன்பே இருந்த குறை தெரியவந்தால், வாங்கியவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அந்த உரிமையைத் தாமதமின்றிப் பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம். குறையை அறிந்த பின்னும் திருப்திப்பட்டுப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் உரிமை போய்விடும். வாரண்டி என்பது இக்காலத்து ஒப்பந்த நிபந்தனை. அதற்கான விலையையும் சேர்த்தே நாம் கொடுத்திருக்கிறோம். ஆகவே அதைக் கேட்பது யாசகமன்று. கேட்காமல் விட்டுப் பின்னர் கைப்பணத்தைச் செலவழிப்பதே பொருளை வீணாக்குவதில் சேரும்.

ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து, வண்டி குளிர்ந்திருக்கும்போதே சோதனையைத் தொடங்கினேன். கல்லூரிக்குச் செல்லும் என் மகன் உடனிருந்தான். வண்டியைக் கழுவாமல் பார்ப்பது முதல் விதி. எண்ணெய் கசியும் இடத்தில் புழுதி படிந்து கறுத்திருக்கும். கழுவிவிட்டால் அந்தச் சாட்சி அழிந்துவிடும். எஞ்சின் தலைப்பகுதியின் இணைப்பில் அப்படியொரு கரிய ஈரக்கோடு தெரிந்தது. அதைத் துடைத்துவிட்டு, ஓர் ஓட்டத்திற்குப் பின் மறுபடி பார்த்தோம். மீண்டும் கசிந்திருந்தது.

குளிர்ந்த எஞ்சினை முடுக்கியதும் புகையின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். அதிகாலையில் சற்று நேரம் வெண்மையாக வருவது பெரும்பாலும் நீராவி. நீலம் கலந்து வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று பொருள். கறுப்பாக வந்தால் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது. எங்கள் வண்டியில் புகைக்குறை இல்லை, அல்ஹம்துலில்லாஹ். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தை மெல்லச் சுற்றி, செயின் எல்லா இடத்திலும் ஒரே தளர்வோடு இருக்கிறதா என்று பார்த்தோம். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தோம்; ஆட்டம் இருந்தால் பேரிங்கில் தேய்மானம் இருக்கும். கைப்பிரேக், கால்பிரேக் இரண்டையும் தனித்தனியே அழுத்திப் பின்விளக்கு எரிகிறதா என்று சோதித்தோம்.

கடைசியாக முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, ஹேண்டில்பாரை இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்பினேன். நேராக நிற்கும் இடத்தில் ஒரு சிறு பள்ளத்தில் விழுந்ததுபோல் அது சிக்கியது. கோன் செட் பழுது. என் மகனின் முகம் மாறியது. ஆறு மாதங்களுக்கு முன் மணல் கிடந்த ஒரு வேகத்தடையில் அவன் வண்டியோடு விழுந்திருந்தான். அன்றே வந்து சொல்லிவிட்டான். அவனுக்குச் சிராய்ப்புதான். வளைந்த ஹேண்டில்பாரைத் தெருமுனை மெக்கானிக்கிடம் நேராக்கிக்கொண்டோம். வெளியில் எந்த அடையாளமும் இப்போது இல்லை.

அன்று வீட்டுக்கு வந்திருந்த என் மைத்துனருக்கு வண்டிகளைப் பற்றி நன்கு தெரியும். அவர் சொன்னார்: “மச்சான், கீழே விழுந்ததை அங்கே சொல்லாதீர்கள். சொன்னால் இதையும் கொடுக்கமாட்டார்கள், எண்ணெய்க் கசிவையும் அதோடு சேர்த்துத் தட்டிவிடுவார்கள். நீங்கள் பொய் சொல்லவேண்டாம். கேட்காததைச் சொல்லாமல் இருங்கள், போதும்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் வருமானம் அவருக்குத் தெரியும். அந்தக் கசிவைக் கைக்காசில் சரிசெய்வதென்றால் மாதச் செலவில் பெரிய துண்டு விழும் என்பதும் தெரியும். ஆனால் மகன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்ததும், விரல்களில் ஈரம் பட்டதும் நம் பிள்ளைகள் பாலர் வகுப்பிலேயே கேட்கும் வரலாறு. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். அந்த வியாபாரி வாயால் பொய் சொல்லவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். காய்ந்ததை மேலே வைத்தார், அவ்வளவே. இதை விற்பவருக்கான பாடமாகவே நாம் நடத்திப் பழகிவிட்டோம். வாரண்டி கேட்டு நிற்கும்போது, நம் பொருளின் நிலையைச் சொல்லவேண்டியவர்கள் நாம். அங்கே குவியல் நம்முடையது, ஈரமும் நம்முடையது.

‘அல்முதஃப்பிஃபீன்’ அத்தியாயம் யாரைக் கண்டிக்கிறது? தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களை. நிறைவாக வாங்குவது தனியே குற்றமன்று. இரண்டு அளவைகள் வைத்திருப்பதே குற்றம். எதிரில் இருப்பது பெரிய நிறுவனம்தானே என்பதால் அளவை மாறிவிடாது.

மைத்துனரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “உள்ளதைச் சொல்வோம். கிடைப்பது நம் பங்கு” என்று மட்டும் சொன்னேன். மகனையும் சர்வீஸ் நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். வேலைச்சீட்டு எழுதியவரிடம் கசிவைக் காட்டினேன். கோன் செட்டைப் பற்றி நான் வாயெடுக்குமுன் மகனே சொன்னான்: “சார், ஆறு மாசத்துக்கு முன்னாடி வண்டி என் கையில விழுந்துச்சு. அதனாலயும் இருக்கலாம்.” எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து அவனைப் பார்த்துவிட்டு, அதையும் எழுதினார்.

மறுநாள் மாலை தகவல் வந்தது. கசிவுக்கும் விழுந்ததற்கும் தொடர்பில்லை என்று கண்டு, அதை வாரண்டியிலேயே சரிசெய்தார்கள். கோன் செட்டுக்கு வாரண்டி இல்லை என்றார்கள். 1,350 ரூபாய் கட்டினோம். அந்தத் தொகையில் பாதியை மகன் தன் சேமிப்பிலிருந்து கொடுத்தான். நான் கேட்கவில்லை, கொடுத்தபோது மறுக்கவுமில்லை. கசிவையும் அவர்கள் தட்டியிருந்தால் அந்த மாதம் எங்களுக்குக் கடினமாகவே இருந்திருக்கும். உண்மை சொன்னால் உடனே லாபம் வரும் என்று நான் யாருக்கும் வாக்களிக்கமாட்டேன். பரக்கத் என்பது வேறு கணக்கு.

இனி, உங்கள் வண்டிக்கான சில சொற்கள். வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே சோதியுங்கள். உதிரிபாகம் வரத் தாமதமாகலாம். டயருக்கும் பேட்டரிக்கும் பெரும்பாலும் அவற்றைத் தயாரித்தவர்களின் தனி வாரண்டி இருக்கும். பிரேக் கட்டை, கிளட்ச் தட்டு போன்ற தேயும் பொருள்கள் பொதுவாக வாரண்டியில் சேரா. குறையை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். வேலைச்சீட்டில் தேதியோடு எழுதச் செய்து நகல் வாங்குங்கள். கடனைக்கூட எழுதிக்கொள்ளப் பணித்த மார்க்கம் நம்முடையது. நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். உரிமையை விட்டுக்கொடுத்து ஏமாறுவது பேணுதல் அன்று.

ஆனால் வண்டியைத் தள்ளிக்கொண்டு புறப்படுமுன், பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நாம் அங்கே எதைச் சொல்கிறோம், எதை விழுங்குகிறோம் என்பதை அவர்கள் பார்க்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கலையும் வாங்கலையும் ஒரே அளவையில் நிறுக்கும் உள்ளத்தை நமக்கும் நம் சந்ததிக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.