கேள்விக்குறிகளாக மாறிய பெயர்கள்

குன்றத்தூரில் நாங்கள் மாலைநேரப் படிப்பகம் நடத்தும் அறையில் 2 பழைய கணினிகள் இருக்கின்றன. ஏதோ ஒரு அலுவலகம் வேண்டாம் என்று ஒதுக்கியவை. அதில் ஒன்றில்தான் வன்கொடுமை வழக்குகளின் விவரங்களை நோட்டுப் புத்தகத்திலிருந்து தரவுத்தளத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் தங்கை ஒருவர் 2 மாலைகள் உட்கார்ந்து 40 வழக்குகளைத் தமிழில் தட்டச்சு செய்து முடித்தார். மூன்றாம் நாள் திறந்து பார்த்தால் பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகள். ஊர், தெரு, காவல் நிலையம் எல்லாம் கேள்விக்குறி. தேதிகள் மட்டும் அப்படியே இருந்தன.

"அக்கா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றார். பதிவுகள் போனதைவிட அந்தக் கேள்விதான் எங்களை உறுத்தியது. எது உடைந்தாலும் முதலில் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ள நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழக்கிவிடுகிறார்கள்.

நோட்டுப் புத்தகம் போதாதா என்று சில தோழர்கள் கேட்டார்கள். போதாது. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 2016இல் திருத்தப்பட்ட பிறகு, 60 நாட்களுக்குள் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். உடனடி நிவாரணம் 7 நாட்களுக்குள் கிடைக்க வேண்டும். நிவாரணத் தொகையும் ஒரே தவணையில் வருவதில்லை, எஃப்.ஐ.ஆர். பதிவானதும் ஒரு பங்கு, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் ஒரு பங்கு என்று பிரித்துப் பிரித்து வரும். எந்த வழக்கு 61ஆம் நாளில் நிற்கிறது என்று நோட்டைப் புரட்டிக் கண்டுபிடிப்பதற்குள் 90 நாள் ஓடிவிடும். தரவுத்தளத்தில் அது ஒரே ஒரு வரிக் கேள்வி. பட்டியலை அச்சடித்து எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகலாம்.

நாங்கள் மைஎஸ்கியூஎல்லைத் தேர்ந்தெடுத்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது. அதைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் இருந்தது, அவ்வளவுதான். து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்'. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ் வழியாக வந்தது. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், பகிரலாம். சமூகவியல் படித்த எங்களுக்கு அட்டவணை, வினவல் என்றால் என்னவென்று புரிந்தது அந்தப் புத்தகத்தால்தான்.

அந்த மென்பொருள் கட்டற்றது. ஆனால் அதன் அதிகாரப்பூர்வக் கையேடு அப்படி அல்ல. நாமாகத் தமிழாக்கி வெளியிட உரிமையாளரின் அனுமதி வேண்டும். இதைக் கேட்டதும் எங்களில் பலருக்கு நம்பிக்கை வரவில்லை. கதவைத் திறந்துவைத்துவிட்டுப் படிக்கட்டை எடுத்துப்போனது மாதிரி! அதனால்தான் நித்யா போன்றவர்கள் புதிதாக உட்கார்ந்து எழுதியது பெரிய காரியம். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு திறமூலத் தரவுத்தளத்தில் நடைமுறை வேறு. அங்கே ஆவணமும் நிரலோடு ஒரே இடத்தில் இருக்கிறது. புது வசதி ஒன்றைச் சேர்ப்பவர் அதற்கான விளக்கத்தையும் சேர்த்தே தர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், படிப்பவர் பிழை கண்டால் எழுதி அனுப்ப ஒரு படிவம்.

கேள்விக்குறிக்கு வருவோம். மைஎஸ்கியூஎல்லை உருவாக்கிய நிறுவனம் சுவீடனில் இருந்தது. அதனால் 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை, நாம் எதுவும் மாற்றாவிட்டால் அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான 'லத்தீன்1' குறியாக்கத்தைத்தான் எடுத்துக்கொள்ளும்; அகரவரிசையும் சுவீடிய மொழிக்கானது. அந்தப் பெட்டியில் தமிழ் எழுத்துக்கு இடம் கிடையாது. எங்கள் கணினியில் இருந்ததோ பழைய பதிப்பு. கண்டிப்பான அமைப்பில் இருந்திருந்தால் "இதை ஏற்க முடியாது" என்று பிழை காட்டி நின்றிருக்கும். எங்களுடையது சத்தமில்லாமல் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுச் சேமித்துவிட்டது. அப்படிப் போனது திரும்ப வராது. தரவுத்தளம் உருவாக்கும்போதே யுடிஎஃப்8எம்பி4 என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் போதும். சேர்க்காதது பொறுப்பில் இருந்த எங்கள் பிழை, தட்டச்சு செய்தவருடையது அல்ல.

ஆங்கிலக் கையேட்டில் இதற்கு ஒரு அத்தியாயமே இருக்கிறது. ஆனால் அதைத் தேடவே 'குறியாக்கம்' என்ற விஷயம் இருப்பது முதலில் தெரிந்திருக்க வேண்டுமே. பொறியியல் படித்த தோழர் ஒருவர், "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார். எல்லாருக்கும் என்றால் யாருக்கு? விடுதி அறையில் சீனியர் சொல்லித்தருவது, கம்பெனியில் இருக்கும் மாமா பையன் போனில் சொல்வது என்று வாய்வழியாகவே போகும் அறிவு அது. அந்த மாமா பையன் நம் சேரியில் எத்தனை வீட்டில் இருக்கிறார்? எழுதிவைக்காத அறிவு சொந்தபந்தத்துக்குள்தான் சுற்றும். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் இதழ் தொடங்கியபோது விலையையே பெயராக்கி 'ஒரு பைசாத் தமிழன்' என்று வைத்தது எங்களுக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

அந்தத் தங்கையே 2 பக்கக் குறிப்பு ஒன்று எழுதினார். முதல் வரி: "பெயர்கள் கேள்விக்குறியாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், நீங்கள் எதையும் கெடுத்துவிடவில்லை." கையேட்டில் இதெல்லாம் எதற்கு என்று பொறியியல் தோழர் அடிக்கப் பார்த்தார். விடவில்லை.

ஆனால் அந்தக் குறிப்பின் முதல் வடிவத்தில் நாங்கள் ஒரு பெரிய தவறு செய்தோம். விளக்கத்துக்காகத் திரையைப் படமெடுத்து ஒட்டியபோது, தங்கை அப்போதுதான் மீண்டும் ஏற்றிய உண்மையான வழக்குகள் அதில் தெரிந்தன. பாலியல் வன்முறைக்கு உள்ளான ஒரு பெண்ணின் பெயரும் ஊரும் அதில் இருந்தன. அந்த அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். வாட்ஸ்அப்பில் 3 பேருக்குப் போயிருந்தது. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து அழிக்கச் சொன்னோம். அன்றிரவு யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை.

பிறகு கற்பனைப் பெயர்கள் போட்டோம். ஒருவர் "குமார், வேலை: கூலி" என்று எழுத, "மாதிரிக்குக்கூட நமக்குக் கூலி வேலைதானா அண்ணா?" என்று ஒரு பள்ளி மாணவி கேட்டுவிட்டாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. இப்போது மாதிரி அட்டவணையில் இருப்பது படிப்பக நூல்களின் பட்டியல்.

காப்பு நகல் பற்றிய பக்கம் இன்னும் எழுதப்படவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்று ஓரம் சாதிச் சான்றிதழும் பட்டாவும் நனைந்துபோய், நகல் வாங்கச் சிறப்பு முகாம்களில் வரிசையில் நின்றவர்கள் எங்கள் குடும்பங்களிலேயே உண்டு. நகலைப் பென்டிரைவில் வீட்டில் வைப்பதா, வெளிநாட்டு சர்வரில் வைப்பதா என்று எங்களுக்குள் சண்டை முடியவில்லை. தங்கைக்கு அடுத்த வாரம் செமஸ்டர் தேர்வு. முடிந்ததும் அந்தப் பக்கத்தையும் அவர்தான் எழுதப்போகிறார். 40 வழக்குகளில் 31 மறுபடி ஏற்றியாகிவிட்டது.