மூன்று புள்ளியா, இரண்டு புள்ளியா

தை மாதம் வேப்பனப்பள்ளிப் பக்கம் பூத்து நிற்கும் பெங்களூரா மாந்தோப்புக்குள் நுழைந்தால் இலைகளுக்குள் சடசடவென்று சத்தம் எழும். தத்துப்பூச்சிகள் கூட்டமாகத் துள்ளுகின்றன என்று பொருள். பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சிவிட்டு அவை கழிக்கும் இனிப்பு நீர் கீழே உள்ள இலைகளில் பிசுபிசுவென்று வழியும். பிறகு அதன்மேல் கரும்பூஞ்சணம் படரும், பூ காயும், பிஞ்சு உதிரும். ஒரு வருஷ வருமானமே அந்தச் சில வாரங்களில்தான் இருக்கிறது என்பதால் தோப்புக்காரர்கள் பார்த்ததுமே மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். ஓடுவதற்கு முன் நாலு பூச்சியைப் பிடித்து லென்ஸில் பாருங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

பூச்சி 4 அல்லது 5 மில்லிமீட்டர்தான் இருக்கும். தலைப்பக்கம் அகன்று, பின்னால் ஒடுங்கிய ஆப்பு வடிவம். முதலில் பின்னங்காலைத் தேடுவேன். நீண்ட துண்டு முழுக்க வரிசை வரிசையாக முட்கள் தெரிந்தால் தத்துப்பூச்சிக் குடும்பம் என்பது உறுதி. பிறகு முகம். இரண்டு பெரிய கண்களைத் தவிர, ஊசிமுனை அளவில் இரண்டு தனிக்கண்கள் முகத்திலேயே பதிந்திருக்கும். அதன் பிறகுதான் முதுகு. இறக்கைகள் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு சிறிய முக்கோணத் தகடு உண்டு. எண்ண வேண்டிய புள்ளிகள் அதில்தான் இருக்கின்றன. மூன்று புள்ளியும் இறக்கையின் குறுக்கே வெள்ளைப் பட்டையும் இருந்தால் இடியோஸ்கோபஸ் நிடிடுலஸ். இரண்டு புள்ளி, ஆள் பெரிது என்றால் அம்ரிடோடஸ் அட்கின்சோனி. இரண்டு புள்ளியோடு உச்சந்தலையிலும் கருப்புக் குறி, உடலும் சிறிது என்றால் இடியோஸ்கோபஸ் கிளைபியாலிஸ். ஒரே மரத்தில் இவை கலந்தும் இருக்கும்.

இந்த மூன்றையும் 1889-இல் விவரித்தவர் லெத்தியரி என்ற பிரெஞ்சுக்காரர். அவற்றில் ஒன்றுக்கு வாக்கர் என்பவர் 1870-லேயே பெயர் வைத்துவிட்டது பின்னால் தெரிந்தது. முந்திய பெயருக்கே உரிமை என்பது விதி. அதனால் நிவியோஸ்பார்சஸ் என்று வேளாண் புத்தகங்களில் நாம் படித்தது நிடிடுலஸ் ஆயிற்று. அதைவிட என்னைக் கவர்ந்தது 1985-இல் நடந்தது. சி.ஏ.விரக்தமட், எஸ்.விரக்தமட் இருவரும் தென்னிந்திய மாமரங்களிலேயே பெருகும் புதிய தத்துப்பூச்சி இனங்களை அந்த ஆண்டில் விவரித்தார்கள். நாம் தினமும் அண்ணாந்து பார்க்கும் மரத்தில், அதுவரை பெயரே இல்லாத உயிர்கள்! சி.ஏ.விரக்தமட் பணியாற்றிய வேளாண் பல்கலைக்கழகம் இங்கிருந்து எல்லை தாண்டினால் வந்துவிடும் பெங்களூரில்தான் இருக்கிறது.

புள்ளி மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். புதிதாகத் தோலுரித்த பூச்சி வெளிறியிருக்கும். நிறமும் ஆளுக்கு ஆள் மாறும். சந்தேகமறச் சொல்ல ஆண் பூச்சி வேண்டும். அதன் வயிற்று நுனியைத் துண்டித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துத் தசையைக் கரைத்துவிட்டு, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அதன் தண்டின் வளைவும் அதிலிருந்து கிளைக்கும் முட்களும் இனத்துக்கு இனம் வேறு. இந்த வேலைக்குப் பொறுமையான கைகள் வேண்டும். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் சிலராவது இதற்கு வரவேண்டும் என்று எனக்கு உண்மையான ஆசை.

இப்படி இனம் காண நிபுணர்களுக்கு அனுப்பிவைக்க நினைப்பவர்கள் பூச்சியைச் சாராயத்தில் போட்டு, ஆணும் பெண்ணுமாகப் பலவற்றைச் சேர்த்து, ஊர், தேதி, மாமர ரகம், பூவில் பிடித்ததா அடிமரப் பட்டையில் பிடித்ததா என்பதைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும்.