அம்மாவின் சேலைகளும் கால் அங்குலமும்

தையலில் கைதேர்ந்த பெண்மணிகள் பலர், கணிதம் என்றதும் முகஞ்சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். ஆயினும், ஒட்டுப்போர்வை ஒன்றுக்கு எத்துணை துணி வேண்டும் என்று அவர்கள் போடும் கணக்கைப் போன்ற நுட்பமான கணக்கு, நான் கற்பிக்கும் பாடநூல்களிற்கூட அரிதாகவே உள்ளது. ஆங்கிலத்தில் 'குவில்ற்' எனப்படும் இப்போர்வை, சிறு சிறு துணித் துண்டுகளைப் பொருத்திய மேற்புறம், நடுவே பஞ்சு விரிப்பு, அடியிலே முழுத்துணி ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தது.

மேனாட்டார் பெயரிட்டு வழங்குவதால் இது அவர்களுக்கே உரியது என எண்ணவேண்டியதில்லை. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, ஓட்டுத்தையலிட்டுக் 'காந்தா' செய்வர். நம் நாட்டிற் பௌத்த பிக்குமார் உடுத்தும் துவராடையும் துண்டுகள் பொருத்தியதே. மகத நாட்டு நெல்வயல்களின் வரம்புகளைப் போல அதனை அமைக்குமாறு புத்தர் ஆனந்தரிடம் கூறியதாக விநயபிடகம் சொல்கின்றது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பென்ட் என்னும் சிற்றூர்க் கறுப்பினப் பெண்கள், உழைத்துத் தேய்ந்த ஆடைகளிலிருந்து தைத்த போர்வைகள் 2002 இல் ஹூஸ்ரன் நகர நுண்கலைக் காட்சிச்சாலையிலே காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006 இல் அவை அந்நாட்டு அஞ்சல் முத்திரைகளிலும் இடம்பெற்றன. பழஞ்சேலையில் ஏணை கட்டிப் பிள்ளையை உறங்கவைத்த நமக்கு, பழந்துணியின் மென்மையைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் இக்கணக்கு எழுந்தது அம்மாவின் ஆண்டுத்திவசம் முடிந்த பின்னராகும். பெட்டகத்தில் அவருடைய நூற்சேலைகள் ஏழு இருந்தன. என் தமக்கையாருக்குப் பெண்மக்கள் இருவர். மூத்தவள் மணமாகி ரொறன்ரோவுக்குப் புறப்படவிருந்தாள். இளையவள் ஊரிலேயே இருப்பவள். குளிர்நாட்டுக்குச் செல்பவளுக்கு ஆச்சியின் சேலைகளிலே ஒரு போர்வை தைத்துக் கொடுப்பதென அக்கா தீர்மானித்தார். அதைக் கேட்டு இளையவள் எதுவுமே சொல்லவில்லை. அவள் பேசாதிருந்ததுதான் எங்களை வருத்தியது.

"ஏழு சேலையிலை ஒண்டுக்கு மேலை வராது தம்பி. பாதி நைஞ்சு போச்சு," என்றார் அக்கா.

"வெட்ட முன்னம் ஒருக்கால் கணக்குப் பாப்பம் அக்கா," என்றேன்.

கடையில் வாங்கிய துணியாயின் போதாவிடத்து மீண்டும் வாங்கலாம். அம்மாவின் சேலையை எந்தக் கடையில் வாங்குவது? அக்கா கத்தரிக்கோலை எடுக்குமுன் தாளை எடுக்கவேண்டியிருந்தது இதனாலேயே.

முதலிலே ஒரு போர்வைக்கு உரிய கணக்கைப் பார்ப்போம். மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்வது நன்று. முடிந்த போர்வை 60 அங்குல அகலமும் 84 அங்குல நீளமும் உடையது. 6 அங்குலச் சதுரங்களாகப் பொருத்தினால், குறுக்கே 10, நெடுக்கே 14, ஆக 140 சதுரங்கள். நம் மாணவர் பெரும்பாலும் பரப்பளவைப் பிடித்துக்கொள்வர். 60 ஐ 84 ஆற் பெருக்க 5,040 சதுர அங்குலம். துணியின் அகலம் 44 அங்குலமாயின், 5,040 ஐ 44 ஆல் வகுக்க ஏறத்தாழ 114½ அங்குலம். மூன்று யாரும் சில அங்குலமும் போதுமென்று விடை எழுதிவிடுவர். அவ்விடையை நம்பி வெட்டினால் போர்வை நடுவழியில் நின்றுவிடும்.

ஏனெனில், ஒவ்வொரு துண்டின் நான்கு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விடவேண்டும். 6 அங்குலச் சதுரத்துக்கு 6½ அங்குலம் வெட்டவேண்டும். அதனைச் சேர்த்துப் பரப்பளவு கண்டாலும் 134½ அங்குலத்துக்குள் அடங்குவதாகவே தோன்றும். அதுவும் பிழை. 44 அங்குல அகலத்தில் 6½ அங்குலத் துண்டுகள் ஆறேமுக்கால் அமையும் என்று கணக்குக் கூறும். கத்தரிக்கோலோ ஆறுதான் தரும். முக்காற் சதுரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே வரிசைக்கு ஆறு. 140 ஐ ஆறால் வகுக்க 23 வரிசையும் மிச்சம் இரண்டு துண்டுகளும். அவ்விரண்டுக்காக இன்னொரு வரிசை வெட்டியே தீரவேண்டும். 24 வரிசைகள், ஒவ்வொன்றும் 6½ அங்குலம். மொத்தம் 156 அங்குலம், அதாவது 4 யாரும் 12 அங்குலமும். கடைகளில் இன்று மீற்றரிலே அளப்பதால் 4 மீற்றர் கேட்டால் ஒன்றரை அங்குலம் மிஞ்சும். பரப்பளவு சொன்னதற்கும் கத்தரிக்கோல் கேட்டதற்கும் இடையே ஒரு யாருக்கு மேற்பட்ட வேறுபாடு!

இனி எங்கள் சேலைகளுக்கு வருவோம். கொசுவம் உரசும் அடிக்கரையும் இடுப்பிற் சொருகும் பகுதியும் முதலில் நைந்துபோகும். ஒவ்வொரு சேலையையும் முற்றத்து வெயிலில் உயர்த்திப் பிடித்து, ஒளி ஊடுருவிய இடங்களைச் சாக்கட்டியினாற் குறித்தோம். இளையவள் ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தீபாவளிக்கு வாங்கி இரண்டொரு முறை மாத்திரம் அம்மா உடுத்த சேலைகள் இரண்டு, பழுதில்லாமல் முழுமையாக இருந்தன. மற்றைய ஐந்தில் மூன்று, ஏறத்தாழ இரண்டரை யார் வீதம் நல்ல பகுதி உடையன. இரண்டிலோ 50 அங்குலந்தான் தேறிற்று.

அடித்துணியைப் பாருங்கள். தைக்கும்போது மேற்புறம் சற்று நகருமாதலால் அடித்துணி சுற்றிவர நான்கு அங்குலம் பெரிதாய் இருத்தல் வேண்டும்: 68க்கு 92. சேலையின் அகலம் 44 ஆதலின் இரண்டு நீளங்களை ஒட்டவேண்டும். 92 அங்குலம் இருமுறை 184. ஆறு யார்ச் சேலை 216 அங்குலம். ஆக, ஒரு போர்வையின் அடிப்புறத்துக்கு ஒரு சேலை தாராளமாய்ப் போதும். குறுக்காக ஒட்டலாமே என்பீர்களாயின், 68 அங்குல நீளம் மூன்று வேண்டிவரும். அது 204 அங்குலம். அதனை விடுத்தோம்.

முழுச்சேலைகள் இரண்டும் இரு போர்வைகளுக்கு அடித்துணியாயின. எஞ்சிய ஐந்திலிருந்து 280 சதுரங்கள் வரவேண்டும். 50 அங்குலத்தில் 6½ அங்குல வரிசை ஏழு. வரிசைக்கு ஆறாக 42 சதுரம். இரண்டு சேலைக்கு 84. மிகுதி 196 ஐ மூன்று சேலைகளாற் பகிர, சேலைக்கு 66 என வைத்து 11 வரிசை, 71½ அங்குலம். கையில் இருந்ததோ 90 அங்குலம்! மொத்தம் 282 சதுரங்கள். இரண்டு போர்வை தைத்து இரண்டு துண்டு மிச்சம்.

தாளை அக்காவிடம் நீட்டினேன். அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "கரைப்பட்டிக்கு என்ன செய்யிறது?" என்று மாத்திரம் கேட்டார். தையற்காரியின் கேள்வி! போர்வையின் சுற்றளவு 288 அங்குலம், இரண்டுக்கும் 576. பட்டியின் அகலம் 2½ அங்குலம். ஆறு சதுரங்கள் 39 அங்குலத்தை எடுக்க, 44 இல் மிஞ்சுவது 5 அங்குலம். அது சரியாக இரண்டு பட்டிகள். ஐந்து சேலைகளிலும் அவ்வாறு கிடைத்த பட்டிகளின் நீளம் 611 அங்குலம். மூலைமடிப்புக்கும் ஒட்டுகளுக்கும் அது இறுக்கமாய் இருந்தபடியால், நீண்ட சேலையொன்றின் மிகுதியில் 44 அங்குலப் பட்டி ஒன்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டோம்.

முக்கோணிகள் வைத்தால் அழகு என்று மூத்தவள் விரும்பினாள். செங்கோண இருசமபக்க முக்கோணியின் மூன்று பக்கமும் கால் அங்குலம் விட்டால் அதன் செங்கோணப் பக்கம் எவ்வளவு கூடும்? இதனை வகுப்பிற் கொடுத்தேன். பலர் அரை அங்குலம் என்றனர். சரியான விடை, 2 உடன் 2 இன் வர்க்கமூலத்தைக் கூட்டி, அதிற் காற்பங்கு; ஏறத்தாழ 0.854 அங்குலம். தையற்காரர் அதனை 7/8 என்று வைத்துக்கொள்வர். பைதகரஸ் தேற்றத்தை அறியாத பாட்டிமாரும் இவ்வெண்ணைக் கையாண்டுள்ளனர். ஆனால் 6⅞ அங்குலச் சதுரம் ஆறு வெட்டினால் 44 இல் 2¾ அங்குலமே மிஞ்சும். கரைப்பட்டி ஒன்றாகக் குறைந்துவிடும். அன்றியும் மூலைவாட்டில் வெட்டிய விளிம்பு, பாவிலும் சேராது ஊடையிலும் சேராது இழுபடும். நைந்த நூலுக்கு அது ஆகாது. சதுரமே என்று முடிந்தது.

தைக்கும்போது கால் அங்குலத்தில் 1/16 பிசகினால் என்ன என்று கேட்பவர் உளர். ஒவ்வொரு பொருத்திலும் இருபுறமும் பிசகுவதால் 1/8 குறையும். நெடுக்கே 13 பொருத்துகள். 1⅝ அங்குலம் போய்விடும். அடுத்த வரிசையைப் பிறிதொருவர் சரியாகத் தைத்திருந்தால் மூலைகள் ஒருநாளும் சந்திக்கமாட்டா. ஆதலால் அக்கா தம் பழைய சிங்கர் தையற்பொறியின் தட்டில், ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் ஒட்டுநாடா ஒன்றை ஒட்டி, அதனை யாரும் தொடக்கூடாதெனக் கட்டளையிட்டார். சுருங்குமோ என்ற கவலை எங்களுக்கு இருக்கவில்லை. புதிய பருத்தித்துணியாயின் முதலிலே நனைத்துக் காயவைத்தே அளக்கவேண்டும். அம்மாவின் சேலைகளோ எத்தனையோ தரம் கிணற்றடியிலே துவைபட்டுச் சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கியவை.

மூத்தவளின் போர்வைக்கு நடுவே பஞ்சு விரிப்பு வைத்தோம். இளையவளுடையது யாழ்ப்பாணத்து வெயிலுக்காகப் பஞ்சின்றி இரண்டு துணியாகவே தைக்கப்பட்டது. அம்மாவின் கூறைச்சேலையை யாரும் வெளியே எடுக்கவுமில்லை. எடுக்கலாமா என்று கேட்கவுமில்லை.

மிஞ்சிய துண்டுகள் இரண்டில் ஒன்று, இஸ்திரிப்பெட்டி சுட்ட சதுரமொன்றுக்கு மாற்றாயிற்று. மற்றதனால் அக்கா அடுப்பிலிருந்து சூடான சட்டியை இறக்குகின்றார். அம்மாவும் சேலைத் தலைப்பினாலேயே இறக்குவார்.